பூஜ்யத்தில் நின்ற பொட்டலம்

என் மேஜையில் எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. இரண்டு கணினி, இரண்டு ரேடியோ, நடுவில் ஆறிப்போன டீ. ஒன்று செய்தியைச் சின்னச் சின்னப் பொட்டலமாக நறுக்கி, எண் போட்டுக் காற்றில் அனுப்பும். மற்றது வாங்கிக்கொண்டு பதில் சொல்லும். ரேடியோக்காரர்களின் இந்தப் பழைய பேச்சுமுறையை ஒரு திறமூல இயங்குதளத்தின் கெர்னலில், அதாவது அதன் மையத்தில், இருந்த பழைய நிரலுக்குப் பதிலாகப் புதிதாக எழுதி முடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

கெர்னலின் அந்தப் பகுதிக்குக் காவல், அஸ்கெர் என்கிற டென்மார்க்காரர். எங்கள் மின்னஞ்சல் குழுவில் எழுதினார்: "நகிசா, இரண்டு முனையிலும் உங்கள் நிரல்தானே? வேறு யாரோ செய்த கருவியோடு பேசிய பதிவை, ஒரு எழுத்தும் மாற்றாமல், வெள்ளிக்கிழமைக்குள் இங்கே போடுங்கள். இல்லையென்றால் இந்தப் பேச்சுமுறையையே கெர்னலிலிருந்து தூக்கிவிடுவேன்." மனிதர் சொன்னால் செய்வார்.

நான் இருப்பது கடற்கரை ஊரான நீகதாவில். கடலுக்கு அந்தப் பக்கம், சாதோ தீவில், என் தம்பி தெப்பெய் ஏதோ கம்பெனி செய்த ஒரு பழைய ரேடியோ மோடம் பெட்டி வைத்திருக்கிறான். வியாழக்கிழமை மதியம் அவனுக்குப் போன் போட்டேன்.

"ஒரு வரி அனுப்புடா."

"அனுப்பிட்டேன். 'இன்னைக்குக் காத்து அதிகம், கப்பல் கிடையாது'ன்னு. வந்துச்சா?"

"வந்துருச்சு!"

"இல்லியே. என் பெட்டி போகலைங்குது. திரும்பத் திரும்ப அதையே அனுப்புது."

"வந்ததைக் கண்ணால பாக்குறேன்டா!"

"அப்போ என் பெட்டி பொய் சொல்லுதா?"

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வந்த செய்தி எப்படி வராமல் இருக்கும்? ஆன்டெனாவைத் திருப்பினேன். கேபிளை மாற்றினேன். அவன் பெட்டியை ஓங்கித் தட்டியது போனிலேயே கேட்டது. நிரலை முதல் வரியிலிருந்து படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது, அதனால் இன்னும் குழம்பினேன்.

"அக்கா, இது வாங்கோ சோபா கடை மாதிரி இருக்கு. மூடி போடுற வரைக்கும் கிண்ணத்துல நூடுல்ஸைக் கொட்டிட்டே இருப்பாங்கல்ல? நீ மூடியே போட மாட்டேங்குற."

"பதில் சொல்லிட்டேதான்டா இருக்கேன்!"

"என்னன்னு?"

"பூஜ்யம்னு." முதல் பொட்டலத்தின் எண் அதுதான், எங்கள் தொழிலில் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுவோம். "பூஜ்யம் கிடைச்சுதுன்னு அர்த்தம்."

"கிடைச்சாச்சுன்னா அடுத்ததைக் கேக்க வேண்டியதுதானே?"

அவன் சும்மாதான் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நூறு தடவை படித்த விதிமுறையை மறுபடி திறந்தேன். பதிலில் சொல்ல வேண்டியது கிடைத்த எண் அல்ல, அடுத்து வேண்டிய எண். நான் பூஜ்யம், பூஜ்யம் என்று கத்தக் கத்த, பெட்டி பாவம் பூஜ்யத்தையே கொண்டுவந்து கொட்டியிருக்கிறது.

என் மேஜையில் இருந்த இரண்டும் ஒரே தப்பை ஒரே மாதிரி புரிந்துகொண்டு குலாவியிருக்கின்றன. இரண்டு வருடமாக நானே பாடி நானே கைதட்டியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. நிரலில் பதில் எண்ணோடு ஒன்றைக் கூட்டினேன். அவ்வளவுதான் திருத்தம்.

அடைப்பு விட்டது. முதல் பொட்டலத்துக்குப் பின்னால் தெப்பெய் தட்டச்சு செய்து அவன் பெட்டியிலேயே தேங்கியிருந்த வரியெல்லாம் வரிசையாகத் திரையில் இறங்கியது:

"வருதா?"

"செவிட்டுக் கெர்னல்."

"அக்கா எழுதினது அக்கா மாதிரியே இருக்கு. சொன்னா கேக்காது."

"என் பாப்பா பொறந்து எட்டு மாசம் ஆச்சு. நீ இன்னும் வந்து பாக்கல. அந்த ஆளு கெர்னல்லேர்ந்து தூக்கினா தூக்கட்டும், நீ கப்பல் ஏறி வா."

"அது போகாதுன்னு நெனச்சுத்தான் அடிச்சேன்," என்றான் போனில்.

பதிவில் ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது. அஞ்சல் குழுவில் போட்டது உலகம் உள்ளவரை அங்கேயே கிடக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்தக் கடைசி வரியை மட்டும் அழிக்கக் கை துடித்தது. அழித்தால் பொட்டல எண் இடிக்கும், அஸ்கெர் கண்ணில் படாமல் போகாது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே போட்டேன்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. எங்கள் பேச்சை எதில் கொடுத்து மொழிபெயர்த்தாரோ!

"சோதனை சரி. நிரலைச் சேர்த்துவிட்டேன். குழந்தையைப் பார்த்துவிட்டு வரும்வரை உங்களிடமிருந்து வேறு எந்தத் திருத்தமும் வாங்குவதாக இல்லை."