சாய்ந்த லார்ச்சை வெட்டியவர்

சனிக்கிழமை காலை கண்காட்சி அரங்கைத் திறந்ததும் மிசாவோ பூவாளியோடு நேராகத் தன் மேசைக்குப் போனாள். தட்டைக் கல்லின் மேல் குட்டி மரங்களாக நட்டு வளர்த்த அவளுடைய லார்ச் காடு, ஊசியிலைகள் உதிரும் பருவத்துப் பொன்மஞ்சளில், முந்தின நாள் மாலை வைத்த இடத்திலேயே நின்றது. ஆனால் முன்பல் விழுந்த வாய் மாதிரி அதில் ஏதோ குறைந்தது. குனிந்து பார்த்தாள். வலது ஓரத்தில் சாய்ந்து நின்ற மெல்லிய மரத்தைக் காணோம். அது நின்ற இடத்தில் மண்ணோடு ஒட்ட அறுத்து, காயத்துக்குப் பசை பூசி, மேலே பாசியை வைத்து மூடியிருந்தார்கள்.

"யாரு பண்ணின வேலை இது?"

அரங்கில் மேசைத்துணி விரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். போன்சாய் சங்கத் தலைவர் குராமோச்சி, சட்டையில் குத்திய வெள்ளை ரிப்பன் பூவைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

"நான்தாம்மா. நேத்து சாயங்காலம் எல்லாத்தையும் ஒரு சுத்து பாத்தேன். உங்க காடு நல்லா இருந்துச்சு. அந்த ஒண்ணுதான் கோணலா நின்னு கண்ண உறுத்துச்சு. எடுத்துட்டேன். இப்ப பாருங்க, எவ்வளவு அம்சமா இருக்கு!"

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்து அவர் சிரித்தபடி நின்றதுதான் மிசாவோவுக்குத் தாங்கவில்லை.

அசாமா மலையடிவாரத்துக் குக்கிராமங்களுக்கு வண்டியில் மளிகை கொண்டுபோய் விற்பது அவள் பிழைப்பு. சாலையோரச் சாக்கடையில் தானாக முளைத்த லார்ச் கன்றுகளை, தூர்வாருகிறவர்கள் பிடுங்கி எறியுமுன் எடுத்து வந்து வளர்த்தாள். உயரமானதை நடுவில் வைக்காமல் சற்று இடப்பக்கம் தள்ளி வைத்தாள். தூரம் தெரியட்டும் என்று சின்னவற்றைப் பின்னால் நட்டாள். முன்னாலிருந்து பார்த்தால் ஒரு தண்டு இன்னொன்றை மறைக்கக் கூடாது. அதற்காகவே நட்டதைப் பிடுங்கிப் பிடுங்கி மறுபடி நட்டாள். வசந்தந்தோறும் நுனி கிள்ளி, குளிர்காலத்தில் உள்கிளைகளைக் கழித்தாள். அப்படியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியதுபோலத்தான் இருந்தது.

ஒருநாள் மண் சரிந்த ஒரு வளைவில் வண்டியை நிறுத்தியபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது. சரிவின் ஓரத்து மரம் வெளிச்சத்தைத் தேடி வெட்டவெளிப் பக்கம் எட்டிச் சாய்ந்திருந்தது. அது சாய்ந்ததால்தான் மற்றவை நிமிர்ந்து தெரிந்தன. வீட்டுக்கு வந்து, ஓரத்தில் ஒரு மெலிந்த கன்றை நட்டாள். கம்பி சுற்றி வளைக்கவில்லை. கல்லை வெயில் பார்த்துத் திருப்பி வைத்து, அது தானாகச் சாயும்வரை ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்தாள். அதற்கப்புறம்தான் அது காடானது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா தலைவரே?"

"கேக்கிற அளவுக்கு இதுல என்ன இருக்கு? லார்ச் காடுன்னா நேரா நிக்கணும். மலையில போய்ப் பாருங்க."

"தினமும் போறேன். வரிசை கட்டி நட்ட தோப்பைப் பாத்துட்டு வந்து காடுங்கிறீங்க. சரி, அந்த மரம் எங்க?"

"குப்பையில."

மிசாவோவின் தோழி இகுயோ ஓடிவந்து கையைப் பிடித்தாள். "விடுக்கா. ஜனங்க வர்ற நேரம். சொன்னா கோவிச்சுக்காத, இப்பவும் பாக்க நல்லாத்தான் இருக்கு."

"உன் மூக்க ஒருத்தன் அறுத்துட்டுப் போனப்புறம் நான் வந்து நல்லாத்தான் இருக்குன்னு சொல்லட்டுமா?"

கையை உதறிவிட்டுப் போய்க் குப்பைப் பையைத் தரையில் கொட்டினாள். காகிதக் கோப்பைகளுக்கும் தேயிலைச் சக்கைக்கும் நடுவில் மரம் கிடந்தது. பாதி ஊசிகள் உதிர்ந்திருந்தன. அதைத் துடைத்து எடுத்துவந்து, காட்டின் முன்னால் வெள்ளைத் துணியில் கிடத்தினாள். தன் பெயர் எழுதிய அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிதாக எழுதி நிறுத்தினாள்: 'வளர்த்தவர் மிசாவோ. கேட்காமல் வெட்டியவர் தலைவர் குராமோச்சி.'

அவர் முகம் சிவந்தது. "என்னம்மா இது, சங்கத்துக்கு அவமானம்! எடுங்க அதை."

"எதுக்கு எடுக்கணும்? அம்சமாப் பண்ணியிருக்கேன்னு சொன்னது நீங்கதானே? பண்ணினவர் பேரைப் போட வேண்டாமா? தப்புன்னா சொல்லுங்க, இப்பவே எடுக்கிறேன்."

தப்பு என்று அவர் சொல்லவில்லை. அட்டையை அவள் எடுக்கவும் இல்லை. கதவு திறந்து கூட்டம் உள்ளே வந்தது. முதலில் கேட்டவர்களுக்குத் தலைவர் தெம்பாகவே விளக்கம் சொன்னார்: சமநிலை, கண் ஓட்டம், இடைவெளி. மலைக்கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"அதெல்லாம் சரிங்கய்யா. மரம் யாரோடது?"

"அது... அவங்களோடது."

"அவங்க வீட்டுல இல்லாதப்ப அவங்க வேலியையும் இப்படித்தான் வெட்டுவீங்களோ?"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். குராமோச்சி தேநீர் குடிக்கப் போனவர், அந்த மேசைப் பக்கமே திரும்பவில்லை. மாலையில் மிசாவோ காட்டையும் வெட்டுண்ட மரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, சங்கத்தை விட்டு விலகுவதாக எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் இகுயோ ஒரு பெட்டி ஆப்பிளோடு வந்தாள். "தலைவர் குடுத்து விட்டாரு. பெரிய மனுஷன், எறங்கி வந்திருக்காரு. வாங்கிக்கக்கா."

"ஆப்பிளுக்கு வாய் இருக்கா? வாய் இருக்கிறவரை வரச் சொல்லு." பெட்டி திரும்பிப் போனது.

பனி உருகி, லார்ச்சுகள் பச்சை அரும்பு விட்டபோது குராமோச்சி வந்தார். வாசலில் நின்று, தலை தாழ்த்தி, "கேக்காம வெட்டினது என் தப்பு" என்றார். அவர் கையில், மலையிலிருந்து தோண்டி வந்த சாய்ந்த லார்ச் கன்று ஒன்று தொட்டியில் இருந்தது.

அந்த ஒரு வார்த்தைக்காகக் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தவள் மிசாவோ. கேட்டதும் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை.

"மன்னிப்பை வாங்கிக்கறேன். கன்னை எடுத்துட்டுப் போங்க."

"அதே மாதிரிதாம்மா சாஞ்சிருக்கு..."

"இது வேற ஏதோ வெளிச்சத்துக்குச் சாஞ்சது தலைவரே. இங்க வச்சா என் காட்டுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கும்."

அவர் கன்றை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு தொட்டியை அணைத்தபடி படியிறங்கிப் போனார்.

அந்த இலையுதிர்காலத்தில் மிசாவோ தன் காட்டை எந்தக் கண்காட்சிக்கும் கொண்டுபோகவில்லை. வண்டியின் விற்பனைப் பலகையில், சோயாப்பால் கட்டியான டோஃபுவுக்கும் வெங்காயத்தாளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மலையேறினாள். சாமான் வாங்க வந்த பெண்கள் விலை கேட்க மறந்து குனிந்து பார்த்தார்கள்.

"இந்த ஓரம் ஏன் வெறிச்சுன்னு கெடக்கு?" என்றாள் ஒருத்தி.

மிசாவோ முதலிலிருந்து சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. டோஃபு வாங்க வந்தவர்கள் கிண்ணத்தோடு அப்படியே நின்றார்கள்.

"அப்போ அந்த ஆளை மாத்திட்டாங்கதானே?"

"எங்க மாத்தினாங்க! இந்த வருஷமும் அவர்தான் தலைவர். எல்லாருமாக் கைதட்டித் தேர்ந்தெடுத்திருக்காங்க!" என்று மிசாவோ பலகையில் ஓங்கி அடித்தாள். லார்ச் ஊசிகள் பொலபொலவென்று டோஃபுவின் மேல் உதிர்ந்தன.