கலைமகள் மாட்டிய பெட்டி

…பால் பொங்குவதற்குள் பல் தேய்த்தாயிற்று, அலமாரியிலிருந்து இரண்டு டம்ளர் எடுத்து ஒன்றைத் திரும்பக் கவிழ்த்தாயிற்று, ஏழு மணிக்கு மோட்டார், ஏழேகாலுக்கு மாமியார். எதிர்வீட்டிலிருந்து அமிர்தம் அத்தை போனும் கையுமாக வந்து அடுப்படி ஜன்னலோரம் நின்றுகொண்டாள். "இங்க நின்னாத்தான் மாப்ள, சிங்கப்பூர்ல என் புள்ள மனுசனாத் தெரியுறான். எங்க வீட்ல கட்டம் கட்டமாத் தெரியுறான்." சிரிக்க வேண்டிய இடம் இது என்று இளவழகனுக்குத் தெரிந்தது, சிரிப்புதான் வரவில்லை, எட்டு மாதமாக எதுதான் வந்தது… அதற்குள் வாசலில் ஷஹ்பாஸ், செல்போன் கம்பெனியில் கூட வேலை பார்ப்பவன், கையில் அலை வரும் திசையைக் காட்டும் மீன்முள் போன்ற ஆன்டெனா, இந்த நேரத்தில் இவன் எதற்கு இங்கே?

"டேய் இளா, உன் நெட்வொர்க்கு கத்துற கத்துல நேரா இங்க வந்து நிக்கிறேன்டா." கத்துகிறதா? பாபநாசம் டவரைச் சுற்றி எட்டு மாதமாகப் பேச்சு அறுந்து அறுந்து போகிறது, அலையில் எது குறுக்கே நுழைகிறது என்று பிடிக்கத்தான், உதாரணம் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரலான அந்த நியூரல் நெட்வொர்க்கை அவன் பழக்கினான், இது சுத்தமான அலை, இது இடைஞ்சல் என்று ஆயிரக்கணக்கில் காட்டிக் காட்டி, அதுவோ தினமும் எல்லாம் சுத்தம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. போன வாரம் ஷஹ்பாஸ் நீடாமங்கலம் வயலில் நின்று பதிவு செய்த சுத்தமான அலையைக் கொடுத்து மறுபடி பழக்கினான், உடனே கத்தல். "சுத்தமானதுன்னு முதல்ல நீ எங்கடா பதிவு பண்ணுன?" "எங்க மாடியில." "நல்லா இருக்குடா! திருடனக் கூட்டியாந்து, போலீஸ்னா இப்படித்தான் இருப்பாருன்னு பாடம் நடத்தியிருக்க."

உள்ளே வந்த ஷஹ்பாஸின் ஆன்டெனா மெதுவாகத் திரும்பி அடுப்படிப் பரணைக் காட்டியது, அங்கே பச்சை விளக்கோடு ஒரு பெட்டி, சிக்னல் பூஸ்டர். வீட்டுக்குள் சிக்னல் எடுக்காததை நான் சரிபண்றேன், சரிபண்றேன் என்று அவன் மாதக்கணக்கில் சொல்லி, கடைசியில் மனைவி கலைமகள் தானே ஆன்லைனில் வாங்கி, தானே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டியது. தினமும் அதன் கீழேதானே டம்ளர் எடுக்கிறான், எப்படி மறந்தான்… இந்த வீட்டுக்கு மட்டும் கணீர், ஊருக்கெல்லாம் கரகரப்பு, எதிர்வீட்டுக் கட்டம் கட்டமும் இதனால்தான். "புடுங்கிடணுமா மாப்ள?" அமிர்தத்தின் குரல் இறங்கியது. "எம்மவ வச்சதுல இது ஒண்ணுதானே இன்னும் ஓடுது."

ஸ்டூலில் ஏறி சுவிட்சில் விரல் வைத்தான். "கடைசியாக்கூட சாப்டீங்களான்னுதானே கேட்டா, பாவி மக" என்றாள் அமிர்தம். அது அவன் சொன்ன பொய், கடைசியாக என்ன பேசினாள் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டபோது சொன்னது, எட்டு மாதத்தில் அவனே நம்பிவிட்டிருந்தான்… அன்று காலை கலைமகள் பெட்டியை மாட்டிய கையோடு அவன் ஆபீசுக்குப் போன் செய்தாள், மதியம் கும்பகோணம் சாலையில் அந்த லாரி, நடுவில் வேறு பேச்சே இல்லை. வயிற்றிலிருந்து என்னவோ குலுங்கிக்கொண்டு வந்தது, சிரிப்பா இது? "டேய், ஸ்டூலு ஆடுதுடா" என்று ஷஹ்பாஸ் காலைப் பிடித்தான். அணைப்பதா, இன்னும் ஒரு நிமிடம் விடுவதா… பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே, அன்று போனில் கலைமகள் சொன்னதை அப்படியே அத்தையிடம் சொன்னான்:

"பாத்தீங்களா, கணீர்னு கேக்குது! ஒங்க இன்ஜினியரிங் படிப்பு சுத்த தண்டம்."