பூங்காவனத்தின் எதிர்ப்பக்கம்

பூங்காவனம் கணினித் திரையில் விரியும் ஒரு புத்தகத்தின் ஏழாம் பக்கத்தில் குடியிருந்தாள். முதல் பக்கமான அட்டை தனி, மற்றவை இரண்டிரண்டு; அதனால் ஆறும் ஏழும் எதிரெதிர். எட்டாம் பக்கத்துக் குணசீலன் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தான். புறம் பேச வசதியான இடம்.

அவள் மகன் தணிகைவேல் நாலாம் பக்கம். அவன் அடுத்தவர் வரிகளைத் திருடுகிறான் என்று குணசீலன் வாய் கூசாமல் பொய்ச்சாட்சி சொன்னான். மகனைப் பக்கத்தோடு நீக்கிவிட்டார்கள். அவன் துணிமணிகள் மட்டும் அவளிடம் மிஞ்சின.

ஒரு பக்கம் போனால் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் ஓரிடம் முன்னால் நகர வேண்டும். பொய் சொன்ன பாவி அதை யோசிக்கவில்லை. மறுநாள் திரை திறந்தபோது அவள் ஆறு, அவன் ஏழு. நேருக்கு நேர்.

அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனையே பார்த்தாள்.

"என்னக்கா?"

"பொய் சொன்னேன்னு சொல்லு."

அவன் சாப்பிட்டான், அவள் பார்த்தாள். கொட்டாவி விட்டான், பார்த்தாள். அவன் எழுத்துகள் உதிர ஆரம்பித்தன. முதலில் காற்புள்ளிகள் போயின.

திரை மேற்பார்வையாளர் ஏகாம்பரத்திடம் ஓடினான். ஏகாம்பரம் சுட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அட்டைப்பக்கத்துக்காரர் தனியா நிக்கிறாரு சார். பாவம். ஒரு ஜோடி போட்டு விடுங்க."

அட்டையும் இரண்டாம் பக்கமும் ஜோடியாயின. எல்லாருடைய எதிர்ப்பக்கமும் மாறியது. குணசீலன் மறுபடி அவள் முதுகுக்குப் பின்னால் போய்க் குறட்டை விட்டான்.

அவள் அட்டைப்பக்கத்துக்காரரைப் பார்க்கப் போனாள். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"ரெண்டாம் பக்கத்தான் என் தலைப்ப ராப்பகலா சத்தம் போட்டுப் படிக்கிறாம்மா."

இருவரும் போய் ஏகாம்பரத்தை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள். அட்டை மறுபடி தனியானது. குணசீலன் கண் விழித்தபோது எதிரே அதே நாற்காலி.

அவன் ஏகாம்பரத்தின் காலில் விழுந்தான்.

"யாருமே எதிர்ல வேணாம் சார். ஒத்த ஒத்தப் பக்கமா போட்டுடுங்க."

"அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

"மாட்டேன் சார்."

ஏகாம்பரம் சுட்டியை அழுத்தினார். பக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி நின்றன. யாருக்கும் எதிரே யாரும் இல்லை. குணசீலன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு அண்ணாந்து பார்த்தான்.

ஏழுக்கு மேலே ஆறு. அவள் தரைதான் அவனுக்குக் கூரை.

பூங்காவனம் அவசரப்படவில்லை. மகனுடைய சட்டைகளைத் துவைத்தாள். பிழியாமல் கொடியில் போட்டாள். முதல் சொட்டு குணசீலனின் முதல் வரியில் விழுந்தது. அவன் பெயர் கலைந்து ஓடியது.

"யக்கா, சொட்டுதுக்கா!"

அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.

"பொய்தான்க்கா சொன்னேன்! உன் புள்ள எதையும் திருடல!"

"தெரியும்டா," என்றாள் பூங்காவனம். "இன்னும் அவன் போர்வை இருக்கு."