டெஸ்மண்டின் குமிழிகள்

எங்கள் ஆய்வகத்தில் ஆரோக்கியமான ரத்தம் வேண்டுமென்றால் முதலில் சட்டைக் கையைச் சுருட்டுபவர் டெஸ்மண்ட்தான். எங்கள் தலைவர். அறுபதை நெருங்கும் வயதிலும் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகர வெயிலில் தினமும் சைக்கிளில் வருவார். காலைத் தேநீருக்கு வைக்கும் லாமிங்டன் கேக்கைத் தொடமாட்டார், தொடுகிற எங்களையும் நிம்மதியாகத் தின்னவிடமாட்டார். அவர் ரத்தத்தை மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தோடு ஒப்பிடுவதுதான் எங்கள் பிழைப்பு. செல்கள் ரத்தத்துக்குள் பொடிப்பொடியாகக் குமிழிகளை விடுகின்றன. ரத்தக்குழாய்க்கு ஏதாவது சங்கடம் வந்தால் அவை கூடிப்போகும்.

இந்த முறை டெஸ்மண்டின் குமிழிகள் நோயாளிகளையே மிஞ்சிவிட்டன.

குமிழிகளை எண்ணும் கருவியை ஓட்டுபவள் ஓஃபா, டோங்கா தீவுக்காரி. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள், அதே கதைதான். பயப்படத் தேவையில்லாத காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் கொழுப்புத் துணுக்குகளையும் கருவி குமிழி என்றே எண்ணிவிடும். வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று கதவில் ஒட்டியவரே அவர்தான். இருந்தாலும் மனுஷர் திருட்டுத்தனமாக எதையாவது தின்றிருக்க வேண்டுமே என்று நாங்கள் இருவரும் வேண்டிக்கொண்டோம். சமீபமாக அவர் படியேறும்போது பாதியில் நின்று ஃபோன் பார்க்கிறார் என்பது வேறு எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

தேநீர் அறையில் நேராகவே கேட்டேன். "ரத்தம் குடுத்த அன்னிக்குக் காலைல ஏதாவது தின்னீங்களா? உண்மையச் சொல்லுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு சாசேஜ் ரோல். சரி, ரெண்டு. சாஸோட."

"அடப்பாவி மனுஷா! ஒரு லாமிங்டனுக்கு எங்கள என்ன பேச்சு பேசினீங்க!" என்று பக்கத்திலிருந்த ஓஃபா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

நானும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, குழாயில் மிச்சமிருந்த அவருடைய ரத்த மாதிரியைக் கொட்டப் போனேன். கொழுப்பு வழியும் இறைச்சி ரோல் ரெண்டு தின்றவரின் ரத்தநீர் பால் கலந்ததுபோலக் கலங்கியிருக்கும். இது அடி தெரியத் தெளிந்திருந்தது.

எனக்குப் பயமாகிவிட்டது. குழாயோடு திரும்பி வந்து அதை அவர் முன்னால் வைத்தேன். "கிளம்புங்க. இதய டாக்டர்கிட்ட போறோம்."

அவர் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "குமிழி எண்ணிக்கைய வச்சு நோயச் சொல்ல முடியாதுன்னு நாமதானே கட்டுரைல எழுதினோம்?"

"எழுதினோம். படியில பாதில நிக்கிறத எழுதலயே."

ஓஃபாவின் சிரிப்பு நின்றது.

"இரும்மா, வர்றேன்," என்று தட்டிலிருந்து ஒரு லாமிங்டனை எடுத்துக் கடித்தார். தேங்காய்த் துருவல் சட்டையெல்லாம் உதிர்ந்தது. அதைத் தட்டிவிடாமல் மெதுவாக மென்றுகொண்டிருந்தார். நான் கார் சாவியோடு வாசலில் நின்றேன்.