வலி விட்ட கை

நிக்கோபாரின் கட்சால் தீவுக்கு வந்த மூன்றாம் வருஷம் என் மனைவி ஜெயமணிக்கு வலது கை மரத்துப்போகத் தொடங்கியது. இலங்கையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை. இங்கே அரசாங்கத் தோட்டத்திலும் அதே வேலை. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் விறுவிறுக்கும். வலி தாங்காமல் தூக்கத்தில் எழுந்து கையை உதறுவாள். பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்க முடியாதவர்களைக் களை பறிக்க அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு அது மானப் பிரச்சினை. மரத்துக்குக் காயம் படாமல் வெட்டுகிறவள் தான் ஒருத்திதான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

தோட்டத்து டாக்டர் வங்காளி. மணிக்கட்டில் நரம்பு போகிற வழி இறுகிவிட்டது என்று இந்தியில் விளக்கினார். ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமல் தப்பை வைத்துக் கட்டலாம், ஊசி போடலாம், இரண்டுக்கும் கேட்காவிட்டால் போர்ட்பிளேரில் ஆபரேஷன்.

"அறுத்த கை அப்புறம் கத்தி புடிக்காது" என்று பக்கத்து வீட்டு விசாலாட்சி பயமுறுத்தி வைத்தாள்.

தப்பையை இவள் பகலில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள், ராத்திரி அவிழ்த்து மூலையில் போட்டாள். வேலை செய்கிற கைக்குத்தானே முட்டு வேண்டும் என்று வாதம் வேறு. மணிக்கட்டு வளையாமல் கத்தி எப்படி ஓடும்? ஒரே வாரத்தில் நாலைந்து மரத்தைக் காயப்படுத்திவிட்டு, பழியைத் தப்பைமேல் போட்டாள்.

பிறகு ஊசி. வலி ஓடிப்போனது.

"பாத்தீங்களா? கப்பலேறிப் போயி கையைக் கிழிச்சுக்கணும்னீங்களே" என்று என்னை இடித்துக் காட்டினாள். மரமரப்பு போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மழை விட்ட ஒரு காலையில், வெட்டிய பாலை எல்லோரும் கொட்டகைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தோம். வெள்ளைப் பாலில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது.

"எவடி அது, கையை அறுத்துக்கிட்டு பாலைக் கெடுக்கிறவ?" ஜெயமணி சத்தம் போட்டாள்.

பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கையை விரித்துக் காட்டினார்கள். யார் கையிலும் காயம் இல்லை. விசாலாட்சி ஜெயமணியின் கையைப் பிடித்துத் திருப்பினாள். வாளியின் தகர விளிம்பு கிழித்து, சுட்டுவிரல் நுனி பிளந்திருந்தது.

"எனக்குத் தெரியலையே" என்றாள் ஜெயமணி. அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

விரலைத் தைத்த டாக்டர், வலி மட்டும் போய் மரமரப்பு அப்படியே இருந்தால் அது குணமில்லை, நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்றார். இனி ஊசி போதாது. ஆபரேஷன் செய்தால் மேலே கெடாது. போன உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

"திரும்பாட்டி எதுக்கு அறுக்கணும்?" என்றாள் விசாலாட்சி.

"அடுத்த கப்பல் எப்பங்க?" என்று ஜெயமணி என்னைக் கேட்டாள்.

போர்ட்பிளேரில் ஆபரேஷன் ஆகி, தையல் பிரித்துப் பல வாரம் கழித்து, அங்கிருந்த டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி விரல்களை ஊசி நுனியால் தொட்டுக்கொண்டு வந்தார். கட்டைவிரல், ஒன்றுமில்லை. நடுவிரல், ஒன்றுமில்லை. என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"டாக்டர் சாப், வலிக்குது. மெதுவாக் குத்தக் கூடாதா?"

அவள் சுட்டுவிரலை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவரை முறைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொரு தரம் குத்துங்கள் என்று டாக்டரைக் கெஞ்சினேன்.