மழையை அடைத்த கூடை

பத்திநாதன் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிகளுக்கு எழுத்துப் போடுகிறவர். தோட்டத்துப் பெயரும் எடையும் எழுதி அலுத்த அதே கையால் வீட்டில் சித்திரக்கதை வரைந்தார். பெட்டிக்குப் போட்டு மிஞ்சிய கறுப்பு மை, மயிர் உதிர்ந்த தூரிகை, முகத்துக்கு மட்டும் ஒரு தொட்டெழுதும் பேனா, பழைய காலண்டர் தாள்களின் முதுகுப்புறம். இவ்வளவுதான் அவருடைய சொத்து. தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயா கண்டும் காணாததுபோல் இருந்ததால் மைக்குப் பஞ்சமில்லை. அந்தப் புண்ணியவானைப் பத்திநாதன் தன் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார்.

கதையும் மலையிலிருந்து வந்ததுதான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் நனைந்தபடி மழையைத் திட்டுவதைக் கேட்டவர், மழையையே பிடித்துக் கூடையில் போட்டு, இடுப்பில் சுற்றும் சாக்குப் படங்கால் மூடிக் கட்டிவிடும் ஒருத்தியை உண்டாக்கினார். பிறகு செடி காய்கிறது, கொழுந்தில்லை, வேலையுமில்லை. கடைசிப் பக்கத்தில் அவளே கூடையைத் திறந்துவிடுகிறாள். இருந்தது ஒரே ஒரு பிரதி. அது தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாகச் சுற்றியது. வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்க, மற்றவர்கள் படத்தில் விரல் வைத்துத் தொடர்ந்தார்கள்.

எண்பத்திரண்டில் ஹட்டன் அச்சகக்காரர் கணேசமூர்த்தி அதைப் புத்தகமாகப் போடச் சம்மதித்தார். திங்கட்கிழமை எல்லாப் பக்கமும் கையில் இருக்க வேண்டும் என்றார். பத்திநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால், வாசலில் வீரம்மா, பேச்சியம்மா, இன்னும் நாலைந்து கொழுந்துப் பெண்கள். சுற்றிச் சுற்றிக் கடைசியாகத் தன்னிடம் வந்திருந்த சித்திரத் தாள்களை வீரம்மா மார்போடு அணைத்திருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணே, மழையில கடைசித் தாளு நனைஞ்சிருச்சி. அடுப்புக்கு மேல காயப் போட்டேன். நழுவி நெருப்புல விழுந்திருச்சி."

நனைந்ததையெல்லாம் அடுப்புக்கு மேலே கொடியில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சட்டைக்குச் சரி, சித்திரத்துக்கு ஆகுமா? பத்திநாதன் மிச்சத் தாள்களை வாங்கி எண்ணிப் பார்த்தார்.

"போன வருசம் வரைஞ்சது. எப்புடி வரைஞ்சேன்னு எனக்கே நெனவு இல்லயே."

"எங்களுக்கு இருக்கு. நீ பேனாவ எடு தம்பி," என்றாள் பேச்சியம்மா.

வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல வரைந்தார். பாறை இந்தப் பக்கம், வாய்க்கால் அந்தப் பக்கம், படங்கு செடிமேல் கிடக்கும், மேகத்துக்கு மூக்கு உண்டு. ஒருத்தி விட்டதை இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். வரைந்தவனைவிட இவர்கள் நன்றாகப் பார்த்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே கோடு இழுத்தார். மனைவி சிசிலி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

கடைசிக் கட்டம் வந்தது.

"இதுல அவ நம்மளப் பாத்து சிரிச்சிக்கிட்டு நிப்பா," என்றாள் வீரம்மா. மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

பேனா நின்றது. இது ஒன்று மட்டும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. எத்தனை தரம் போட்டும் அந்தச் சிரிப்பு வராததால், அவளை முதுகு காட்டி நிற்க வைத்திருந்தார்.

"மூஞ்சி தெரிஞ்சிச்சா?"

"தெரியாமயா? எனக்கு அந்தப் படந்தான் ரொம்பப் புடிக்கும்."

பத்திநாதன் நிமிர்ந்து பார்த்தார். வெற்றிலை வாயும் ஈரத் தலையுமாக அத்தனை பேரும் சிரித்தபடி தாளின்மேல் குனிந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்தே வரைந்தார். இந்தத் தரம் வந்துவிட்டது.

வீரம்மா தாளை உற்றுப் பார்த்தாள். "இதேதான் அண்ணே. முந்தியும் இப்புடித்தான் இருந்தா."

"ஆமா தங்கச்சி," என்றார் பத்திநாதன். அவர்களுக்கு நன்றி சொல்ல அதைவிடப் பெரிய சொல் அவருக்கு அகப்படவில்லை.