மலைக்குளத்து மறுகால்

டைட்டஸ் வாயைத் திறந்தால் ஊருக்கு ஒன்பது குளம் வெட்டிவிடுவான் என்பது நாகர்கோவிலில் குடைக்கடை வைத்திருந்த ஜெபதாஸின் அபிப்பிராயம். அந்த வாய்க்குத்தான் தங்கை குளோரி கழுத்தை நீட்டப்போகிறாள் என்பதில் அவனுக்கு ஒரே வயிற்றெரிச்சல். அப்பன் இல்லாத வீடு, அண்ணன் வைத்ததுதான் சட்டம். சபையில் தடை உண்டா என்று கேட்டு இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. நாளை மூன்றாவது. தடை சொல்வதானால் நாளை சொல்ல வேண்டும். நாகர்கோவில் தமிழ்நாட்டோடு சேருமா சேராதா என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஜெபதாஸுக்கு டைட்டஸ்தான் கவலை.

கீரிப்பாறைக்கு மேலே காட்டுக்குள் இரண்டு குளம் உண்டாம். அங்கே டைட்டஸ் தன்னந்தனியாகப் போயிருக்கிறானாம். "கரையில இருந்து சோறு தின்னேன். மறுகாலில தண்ணி சாடுதுல்லா, அதுக்குக் கீழ நின்னு குளிச்சேன்" என்று பெண் பார்க்க வந்த அன்றே அளந்திருந்தான்.

"அப்பம் எங்களையும் கூட்டிட்டுப் போ மக்கா" என்று ஜெபதாஸ் சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கே அவனைக் கிளப்பிவிட்டான். சிநேகிதன் வைகுண்டராஜன், வாழைக்குலை வியாபாரி, சிரிப்பதற்கென்றே கூட வந்தான்.

காட்டுக்குள் நுழைந்ததும் டைட்டஸின் காலில் அட்டை ஏறியது. துள்ளிவிட்டான்.

"போன தடவை இது இல்லையே" என்றான்.

"அன்னைக்கு அட்டைக்கு லீவு போல" என்றான் ஜெபதாஸ். வைகுண்டராஜன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

மேட்டில் ஏறி மூன்று பேரும் கரையைத் தேடினார்கள். நாஞ்சில்நாட்டுக்காரனுக்குக் குளம் என்றால் முதலில் உயர்த்திக் கட்டின மண்கரை, கரையில் பனை, வயலுக்குத் திறக்க ஒரு மடை, மிச்சத் தண்ணீர் வழிய ஒரு மறுகால். தண்ணீரெல்லாம் அதற்கப்புறம். கரையைக் காணவில்லை, ஆகவே குளத்தையும் காணவில்லை. கோரை மண்டிய ஒரு பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு அடுத்த மேட்டில் ஏறினார்கள், இறங்கினார்கள், உச்சி சாய்ந்தபின் அதே பள்ளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தாகம் பொறுக்காமல் வைகுண்டராஜன் கோரையை விலக்கினான். உள்ளே நெடுகத் தண்ணீர். சற்றுத் தள்ளி இன்னொன்று. யாரும் வெட்டாத, யாரும் கரை கட்டாத குளங்கள். காலையிலிருந்து இவர்கள் சுற்றிக்கொண்டிருந்தது இவற்றைத்தான்.

ஜெபதாஸுக்கு எடவப்பாதி மழையில் குடை விற்ற சந்தோஷம்.

"ஏலே டைட்டஸ், நீ குளிச்ச மறுகால் எங்கலே?"

"இடிஞ்சு போயிருக்கும்."

"இடிய கரை எங்க? மறுகாலு ஒன் வாயிலல்லா இருக்கு. அடைக்க ஆளில்லாமச் சாடுது."

டைட்டஸ் அவித்த மரச்சீனிக் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தான். இறங்கும் வழியெல்லாம் ஜெபதாஸ் அவனை மென்று துப்பினான். வைகுண்டராஜனுக்கே பாதி வழியில் சிரிப்பு நின்றுபோயிற்று.

"நீயும் கரையைத்தானே மக்கா தேடின?" என்றான்.

"நான் போயிருக்கேன்னு பீத்தலியே."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜெபதாஸ் வீட்டுக்கு வந்தான். குளோரி அடுக்களையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, அவன் அந்த மலையில காலே வச்சதில்லை. பச்சப் பொய்யன். நாளைக்குத் தடை சொல்லப்போறேன்."

"தெரியும்" என்றாள் குளோரி.

"என்னத்த தெரியும்?"

"அவரு மலைக்குப் போகலேன்னு. பொண்ணு பாத்துட்டுப் போன அடுத்த ஞாயித்துக்கிழமையே சபை வாசல்ல வச்சு எங்கிட்டச் சொல்லிட்டாரு. எதைச் சொன்னாலும் நீ எளக்காரமாச் சிரிச்சியாம். நீ சிரிக்காத மாதிரி ஒண்ணு சொல்லணும்னு அதைச் சொன்னாராம்."

"அதுக்குப் பொய் சொல்லுவானா?"

"நான் மட்டும் பொய் சொல்லலையா? இந்த வீட்டில ஒங்கிட்ட உள்ளதைச் சொல்லி எத்தனை காலமாச்சுன்னு எனக்கே ஓர்மையில்லை அண்ணா."

ஜெபதாஸுக்கு நையாண்டியாக ஒரு சொல் நாக்குவரை வந்தது. அது வரும் என்று குளோரிக்குத் தெரிந்திருக்கிறது. மீனிலிருந்து கண்ணை எடுக்காமல், அடிக்குக் காத்திருப்பவள் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

அவன் அதைச் சொல்லவில்லை. மறுநாள் சபையில் தடை உண்டா என்று கேட்டபோதும் எழுந்திருக்கவில்லை.